வெள்ளாமைக் காவலும் துப்பாக்கிச் சட்டமும்

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எங்களை மாதிரி வெள்ளாமைக்காரனை மனசில் வைத்து எழுதிய ஒரு வரி அதில் வரும். பயிரைக் காப்பாற்ற உண்மையிலேயே தேவைப்படுகிற குடிமகன் கேட்டால், குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கிக்கு, மறுக்க வேறு காரணம் இல்லாத பட்சத்தில் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த வரி.

டவுனில் இருந்து ஊர்ப்பக்கம் வருகிற நண்பர்கள் பன்னி கிளறிப் போட்ட கடலைக்காட்டைப் பார்த்ததும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏங்க, இவ்வளவு அழிக்குதே, ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சுக்க வேண்டியதுதானே?" சட்டத்தில்தான் வரியே இருக்கிறதே, அப்புறம் ஏன் யாரிடமும் இல்லை? இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. இருநூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் பொறுமையாக வாங்க.

ஒரு காலத்தில் நம்ம பக்கம் ஆயுதம் என்பது அதிசயப் பொருள் கிடையாது. பாளையக்காரர் ஆட்சியில் ஊர்க்காவல், திசைக்காவல் என்று முறை வைத்துக் காவல் இருந்தது. அந்தக் காவலுக்கு ஊர்க்காரன் விளைச்சலில் பங்கு கொடுத்தான். காவல்காரன் கையில் வேல், வாள், வளரி, கொஞ்சம் வசதியான பாளையத்தில் திரி வைத்துச் சுடுகிற துப்பாக்கி எல்லாம் இருந்தன. சண்டைக்குக் கூப்பிட்டால் போவான், சண்டை இல்லாத நாளில் காடு உழுவான். அவன் வேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு சந்தைக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதை ஒரே உத்தரவில் முடித்து வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். அது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் இருப்பது இல்லை. அதற்கு அடுத்த மாதம் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 தேதியிட்டு, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பிளாசிச் சண்டை ராபர்ட் கிளைவின் மகன் இவர். தெற்குச் சீமையில் பாளையக்காரரும் சேர்வைக்காரரும் அவர்களின் ஆட்களும் இனிமேல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கம்பெனி அனுமதித்தவர் மட்டுமே வைத்திருக்கலாம் என்பது அதன் சாரம். துப்பாக்கி, வேல், ஈட்டி எல்லாவற்றையும் கொண்டு வந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். கோட்டைகளை இடித்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று அந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள்.

கொங்கு நாட்டுக்கும் அதே கதைதான். தீரன் சின்னமலையை 1805-ல் சங்ககிரியில் தூக்கில் போட்டதோடு இந்தப் பக்கத்து எதிர்ப்பும் அடங்கியது. பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். காவலுக்கு வாங்கிய பங்கு நின்றது, வரி கட்டுவது மட்டும் மிச்சம். ஆயுதத்தோடு சேர்ந்து ஊரைக் காக்கிற பொறுப்பும் ஊர்க்காரன் கையை விட்டுப் போய் கம்பெனி கைக்கு மாறியது. அந்த மாற்றம் இன்றுவரைக்கும் திரும்பவில்லை.

அடுத்த திருப்பம் 1857. அந்தக் கலகம் வடக்கில் எரிந்தபோது சென்னை மாகாணம் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்குப் பின்னால் வந்த ஆயுதக் கட்டுப்பாடு எல்லோருக்கும் சேர்த்துத்தான் வந்தது. யாருக்கு விலக்கு கொடுத்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் வெள்ளைக்காரன் கணக்குப் புரியும்.

காவிரி பிறக்கிற குடகுச் சீமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1834-ல் கம்பெனி அதைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. 1857 கலகத்தில் குடகு மக்கள் விசுவாசமாக நடந்துகொண்டார்கள் என்று சொல்லி, 1861-ல் அவர்களுக்கு ஆயுதத் தடையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு சுதந்திரத்துக்குப் பிறகும் போகவில்லை. 1963-ல் இந்திய அரசே புது அறிவிப்பு போட்டுத் தொடர்ந்தது. 2019-ல் இன்னும் பத்து வருஷத்துக்கு, 2029 வரைக்கும் நீட்டித்திருக்கிறார்கள். குடவர்களும் ஜம்மா நிலம் வைத்திருக்கிறவர்களும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு சாதிக்கும் ஒரு வகை நிலத்துக்காரருக்கும் மட்டும் இது எப்படி என்று வழக்குப் போனது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் இந்த விலக்கு செல்லும் என்று சொல்லிவிட்டது.

அங்கே துப்பாக்கி வீட்டுச் சாமான் மாதிரி. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் சாவு விழுந்தால் ரெண்டு வெடி என்பது பழைய வழக்கம். செப்டம்பர் மாதம் கயில் போல்து என்று நம்ம ஆயுத பூஜை மாதிரி ஒரு பண்டிகை. நடவு வேலை முடிந்து, துப்பாக்கியைத் துடைத்துப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். வைக்கிற பூ என்ன தெரியுமா? செங்காந்தள். நம்ம மாநிலப் பூ. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு விவசாயம் பண்ணுகிறோமே, அதேதான். அதே கொடியை நாங்கள் விதைக்காக வளர்க்கிறோம், அவர்கள் துப்பாக்கிக்குச் சூட்டுகிறார்கள்.

1801-ல் எதிர்த்தவனிடம் பிடுங்கினார்கள், 1861-ல் அடங்கி இருந்தவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஆயுதம் ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். யாரை நம்பலாம் என்பதுதான் வேறுபட்டது.

இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது 1878-ல். வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் அது. அதே வருஷம்தான் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டுகிற சட்டமும் வந்தது. ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க, எடுத்துப்போக லைசென்ஸ் வாங்க வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு. மலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரை தோளில் துப்பாக்கியோடு குதிரையில் போகலாம். அதே மலையடிவாரத்தில் சோளக்காட்டுக்குப் பரண் கட்டிக் காவல் இருக்கிறவன் அரசாங்கத்திடம் கைகட்டி நிற்க வேண்டும். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் வந்து நீக்கினார். ஆயுதச் சட்டத்தில் யாரும் கை வைக்கவில்லை.

இதைப் படித்தவர்கள் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். 1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில், ஆயிரம் விளக்கு மக்கீஸ் தோட்டத்தில் நடந்தது. பத்ருதீன் தியாப்ஜி தலைமை. அங்கேயே ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு தேசத்தையே சந்தேகப்படுவது கேவலம் என்பது அவர்கள் வாதம். அகிம்சை பேசிய காந்தியேகூட, பிரிட்டிஷ் ஆட்சி செய்த கெடுதல்களில் மிகக் கறுப்பானது என்று பின்னாளில் ஜனங்களை நிராயுதபாணி ஆக்கிய இந்தச் சட்டத்தைத்தான் சொன்னார். 1931 கராச்சி மாநாட்டில் அடிப்படை உரிமைகள் பட்டியல் போட்டபோது, விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்கிற உரிமையும் அதில் இருந்தது.

அப்புறம் சுதந்திரம் வந்தது. பட்டியலில் இருந்த அந்த உரிமை என்ன ஆச்சு?

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் என்ற உறுப்பினர் எழுந்து, கராச்சியில் சொன்னதை அரசியல் சட்டத்தில் சேருங்கள் என்று திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தத் தடையும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் சந்தைக்குப் போய் ஆயுதம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் ஓர் அரசாங்கம் எப்படி நிர்வாகம் பண்ண முடியும் என்று கேட்டார். திருத்தம் தோற்றது. கடைசியில் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு ஒன்று கூடும் உரிமையைக் கொடுத்தபோது, அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் என்று சேர்த்தே கொடுத்தது. ஆயுதத்தோடு தெருவில் இறங்குவது இந்த நாட்டில் உரிமை இல்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. சீக்கியர்கள் கிர்பான் அணிவதை மட்டும் மத உரிமையாக 25-ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது.

அதற்கு அப்புறம் வந்ததுதான் முதலில் சொன்ன 1959 சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெள்ளையன் கறுப்பன் பேதம் இதில் கிடையாது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று லைசென்ஸ் கேட்கலாம். 21 வயது ஆகியிருக்க வேண்டும். முதலில் ஒருத்தர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்தது, 2019-ல் இரண்டாகக் குறைத்தார்கள். அதே திருத்தத்தில் லைசென்ஸ் காலத்தை 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாகக் கூட்டினார்கள். வடக்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு ஆள் சாகிறது அடிக்கடி நடப்பதால், கொண்டாட்டத்துக்கு அசட்டையாகச் சுட்டால் 2 வருஷம் வரை ஜெயில், இல்லையென்றால் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் சேர்த்தார்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் செய்த பொருள் ஆயுதம் ஆகாது என்று எழுதியிருக்கிறார்கள். உதாரணத்துக்கு லத்தியையும் சாதாரண ஊன்றுகோலையும் சொல்கிறது சட்டம். அந்தக் கணக்கில் கதிர் அரிவாளும் மண்வெட்டியும் கவைக்கம்பும் எங்கள் கையில் தைரியமாக இருக்கலாம்.

சரி, லைசென்ஸ் வாங்கியாச்சு என்றே வைத்துக்கொள்வோம். சினிமாவில் வருகிற மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகலாமா? முடியாது. 2016-ல் வந்த ஆயுத விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி என்றால் உறையிலோ பையிலோ இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கென்று செய்த உறையில் இருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முழுக்க மூடியிருக்க வேண்டும். பொது இடத்தில் தூக்கிக் காட்டினாலோ சுட்டாலோ லைசென்ஸ் போகும், வழக்கும் வரும்.

இதில் ஒரு வேடிக்கை. அதே 2016 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லைசென்ஸ் வைத்திருப்பவர் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு வெளியே தெரியும்படி எடுத்துப்போகலாம் என்று சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் அந்த லைசென்ஸும் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். உங்களில் பலருக்குப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள், பலசரக்குக் கடையில் இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கிற ஆளை அவர்கள் பார்த்திருப்பார்கள். 1791-ல் சேர்த்த இரண்டாம் திருத்தம் அவர்களுக்கு அதை உரிமை ஆக்கியிருக்கிறது.

ஆனால் அங்கேயும் யார் கையில் என்ற கேள்வி வந்தது. 1960-களில் கலிபோர்னியாவில் குண்டு போட்ட துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துப்போகத் தடை இல்லை. கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின இளைஞர் அமைப்பு, போலீஸ் தங்கள் ஆட்களை எப்படி நடத்துகிறது என்று கண்காணிக்கத் துப்பாக்கியோடு தெருவில் சுற்றியது. உடனே தடை மசோதா வந்தது. அதை எதிர்த்து 1967 மே 2 அன்று சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே துப்பாக்கிகளோடு போய் நின்றார்கள். அந்த வருஷமே மல்ஃபோர்ட் சட்டம் நிறைவேறியது, கையெழுத்துப் போட்டவர் அப்போது கவர்னராக இருந்த ரொனால்ட் ரீகன். நம்ம 1801-க்கும் அவர்களுடைய 1967-க்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் காட்டுக்கு வருவோம். எங்க அப்பாரு காலத்தில் ஊரில் நாலைந்து வீட்டில் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. கரிமருந்தை வாயில் கொட்டி, நாரை வைத்துக் கம்பியால் இடித்து, ரவை போட்டு, கேப்பு வைத்துச் சுட வேண்டும். ஒரு தரம் வெடித்தால் அடுத்த வெடிக்குள் பன்னி பக்கத்து ஊருக்கே போய்விடும். முக்கால்வாசி நாள் வெறும் மருந்தைப் போட்டுச் சத்தத்துக்குத்தான் சுட்டார்கள். எங்க அய்யன் காலத்தில் புதுப்பிக்க அலைய முடியாமல் ஒவ்வொருத்தராக ஒப்படைத்துவிட்டார்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்க வேண்டும், முடிந்ததும் போய் வாங்க வேண்டும். பன்னிக்குத் தேர்தல் தேதி தெரியாது.

இதற்கு நடுவில் 1972-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்னியைச் சுட்டுவிட முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறவர் லைசென்ஸ் துப்பாக்கியை வனத்துறையிடம் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் புது லைசென்ஸ் என்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளர் சம்மதம் வேண்டும். ஆக, எந்த ஊரில் பன்னித் தொல்லை அதிகமோ அங்கேதான் துப்பாக்கி கிடைப்பது கஷ்டம். ஒரு சட்டம் பயிருக்காகக் கொடுக்கச் சொல்கிறது, இன்னொரு சட்டம் சுடாதே என்கிறது. ரெண்டுக்கும் நியாயம் இருக்கிறது. காட்டை இந்தச் சட்டம் காப்பாற்றியிருக்காவிட்டால் யானையும் மானும் இவ்வளவு மிஞ்சியிருக்காது.

நடுவில் மாட்டினவன் என்ன பண்ணுகிறான்? நல்லவன் பழைய சேலையைக் காட்டைச் சுற்றிக் கட்டுகிறான், முடிதிருத்தும் கடையில் இருந்து மயிர் வாங்கி வந்து தூவுகிறான், விடிய விடிய டின் அடிக்கிறான். பொறுமை போனவன் அவுட்டுக்காய் வைக்கிறான், வேலியில் திருட்டுத்தனமாகக் கரண்ட் விடுகிறான். அதில் பன்னி மட்டும் சாவதில்லை. யானை வாய் கிழிந்து பட்டினியில் சாகிறது. பக்கத்துக் காட்டுக்காரன் தண்ணி கட்டப் போன இடத்தில் விழுந்து கிடக்கிறான். மலை ஊர்களில் கள்ளத் துப்பாக்கி இன்னும் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தானாக வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் சொல்லி வாங்கியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

கேரளா 2022-ல் ஊராட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கிக்காரரை வைத்துப் பயிரழிக்கிற பன்னியைச் சுட வழி செய்தது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஓர் ஆணை போட்டது. காட்டு எல்லையில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறைப் பயிற்சி பெற்றவர்கள் சுடலாம். காட்டை ஒட்டி இருக்கிறவனுக்கு இதில் வழி குறைவுதான், ஆனாலும் இது ஒரு ஆரம்பம்.

என்னைக் கேட்டால் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டாம். டவுனில் இருந்து பார்த்தால் கிராமம் அமைதியாகத்தான் தெரியும். வாய்க்கால் தண்ணி முறைக்கும், வரப்பு ஒரு முழம் நகர்ந்ததற்கும், தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதற்கும் இங்கே மண்டை உடைகிறது. உடைந்த மண்டைக்குத் தையல் போட்டு அடுத்த பொங்கலுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சில சமயம் அது அரிவாள்வரைக்கும் போய் உயிரும் போயிருக்கிறது. அந்த இடத்தில் தோளில் ஆளுக்கொரு துப்பாக்கி இருந்திருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? துப்பாக்கி யார் தோளில் முதலில் ஏறும், யாரைப் பார்த்து நீளும் என்பதும் எங்க ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்பேத்கர் அன்றைக்கு மறுத்தது சரிதான் என்று இந்த ஊரில் இருந்து பார்த்தால் புரியும்.

ஆனால் ஒன்று. 1801-ல் ஆயுதத்தை வாங்கிக்கொண்ட அரசாங்கம், இனிமேல் காவல் என் பொறுப்பு என்று சொல்லித்தான் வாங்கியது. பின்னால் வந்த எல்லா அரசாங்கமும் அந்தப் பொறுப்பைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ராத்திரி பன்னி இறங்கினது என்று போன் பண்ணினால் ஆள் வர வேண்டும். அழிந்த பயிருக்கு அடுத்த விதைப்புக்குள் பணம் வர வேண்டும். அது நடந்தால் 13-ஆம் பிரிவில் எங்களுக்காக எழுதின அந்த வரி எங்களுக்குத் தேவையே இல்லை.

இந்த வாரம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கிறது. ராத்திரிக் காவலுக்குப் போக வேண்டும். டார்ச்சு, தடி, ஒரு தகர டின் போதும். அடுத்த பதிவில் பரண் கட்டுகிற முறையைப் பற்றி எழுதுகிறேன்.